3.2 எப்படி 5.1 ஆச்சு? வேலையின்மைக் கணக்கும் காத்திருக்கும் பட்டதாரிகளும்

கரிசக்காட்டான் கேட்டது, 17 மே 2025

நாட்டில் வேலையில்லாதவர்கள் 3.2 சதவீதம் என்று போன வருஷம் சொன்னார்கள். இந்த வாரம் ஏப்ரல் மாதக் கணக்கு என்று ஒன்று வந்திருக்கிறது, 5.1 சதவீதமாம். இவ்வளவு சீக்கிரம் இப்படி ஏறுமா? ரெண்டில் ஒன்று பொய். எங்கள் தெருவைப் பார்த்தால் ரெண்டுமே பொய். டிகிரி முடித்த பையன்கள் பாதிப்பேர் வீட்டில்தான் இருக்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

17 மே, இரவு, என் பதில்

பொய் இல்லை. ரெண்டும் வேறு வேறு கேள்விக்கு வந்த பதில்.

3.2 என்பது 2023 ஜூலை முதல் 2024 ஜூன் வரைக்குமான பி.எல்.எஃப்.எஸ். (மத்திய அரசு எடுக்கும் தொழிலாளர் கணக்கெடுப்பு) ஆண்டறிக்கை எண். கணக்கெடுக்க வருபவர் கடந்த 365 நாளைப் பற்றிக் கேட்பார். வருஷத்தில் பெரும்பகுதி வேலை தேடியே கழிந்திருந்தாலும், நடுவில் 30 நாள் ஏதாவது வேலை பார்த்திருந்தால் நீங்கள் வேலையில் இருப்பவர். 5.1 என்பது வாரக் கணக்கு. கடந்த ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தால் போதும்.

ஒரு மணி நேரம் என்றால் இன்னும் தாராளம், எண் குறையத்தானே வேண்டும் என்று தோன்றும். நடப்பது வேறு. நடவுக்கும் அறுப்புக்கும் போன ஆள் வருஷக் கணக்கில் உழைப்பாளி. சித்திரை வெயிலில் சும்மா உட்கார்ந்திருக்கும் வாரத்தில் பிடித்துக் கேட்டால் வேலையில்லாதவர். வருஷக் கணக்கு அந்த வெறும் மாதங்களை விழுங்கிவிடுகிறது. அதே 2023-24-ஐ வார அளவுகோலில் பார்த்தால் 4.9 வரும். ஒப்பிடுவதென்றால் 4.9-ஐயும் 5.1-ஐயும் ஒப்பிடுங்கள். அதுவும் முழுசாகச் சரி வராது, ஒன்று ஆண்டுச் சராசரி, மற்றது ஒரே மாதம். போதாததற்கு இந்த ஜனவரியிலிருந்து மாதிரி எடுக்கும் முறையையே மாற்றிவிட்டார்கள்.

18 மே

தெருக் கணக்குக்கு நேற்று பதில் சொல்லவில்லை.

உங்கள் தெருப் பையன்கள் பொய்யில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2024-ல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையில் ஒரு ஜோடி எண் இருக்கிறது. 2022-ல் எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே வேலையின்மை 3.4 சதவீதம். பட்டதாரி இளைஞர்களிடையே 29.1. படிக்காதவருக்கு எளிதாக நல்ல வேலை கிடைக்கிறது என்று இதற்கு அர்த்தமில்லை. அவரால் சும்மா இருக்க முடியாது, அவ்வளவுதான். நாளைக்கு அரிசி வாங்க இன்றைக்கு எதையாவது செய்தாக வேண்டும். வேலையில்லாமல் இருக்கவும் கொஞ்சம் வசதி வேண்டும். அப்பா பென்ஷனோ, அண்ணன் சம்பளமோ, அம்மா கழுத்துச் சங்கிலியோ.

அதனால் இந்தியா மாதிரி நாட்டில் வேலையின்மை சதவீதம் வறுமையை அளக்கிற எண் இல்லை. யாரால் காத்திருக்க முடிகிறது என்பதை அளக்கிறது. நான் இந்த இழையில் சொல்லப்போவது ஏறக்குறைய இவ்வளவுதான், மிச்சமெல்லாம் வளவள.

18 மே, மாலை

இன்னொரு பக்கமும் உண்டு. என் அக்கா, மாமாவின் டீக்கடைக்கு விடிகாலையில் எழுந்து வடைக்கு மாவு ஆட்டுகிறாள், பாத்திரம் கழுவுகிறாள், மதியம் கல்லாவில் உட்காருகிறாள். சம்பளம் கிடையாது. சம்பளம் என்று கேட்டால் மாமாவும் சிரிப்பார், அவளும் சிரிப்பாள். கணக்கில் அவள் வேலையில் இருப்பவள், குடும்பத் தொழிலில் ஊதியமில்லா உதவியாளர். அப்படிக் கணக்கில் எடுப்பது நியாயம்தான், உழைக்கிறாளே.

ஆனால் வேலையின்மை 2017-18-ல் 6.1 ஆக இருந்தது 2023-24-ல் 3.2 ஆகக் குறைந்தது என்று கொண்டாடும்போது கூடவே ஒன்றைப் பார்க்க வேண்டும். அதே காலத்தில் பெண்களின் உழைப்புப் பங்கேற்பு, அதாவது வேலையில் இருப்பவர்களும் தேடுபவர்களும் சேர்ந்த பங்கு, 23.3-லிருந்து 41.7 சதவீதத்துக்குப் போனது. சுயதொழில் செய்வோரின் பங்கு 52-லிருந்து 58 சதவீதமானது. மாதச் சம்பளக்காரர் பங்கு ஏறவேயில்லை, ஒரு சதவீதம் போலக் குறைந்தது. சேர்ந்தவர்களில் நிறையப் பேர் சொந்த வயலிலும் கடையிலும் சேர்ந்திருக்கிறார்கள். அக்காக்கள் சேர்ந்து இறக்கிய எண் அது.

25 மே

ஓய்வூதியர் சார் எழுதியிருக்கிறார்: “இந்தக் காலத்துப் பையன்களுக்கு உடம்பு வணங்கவில்லை. திருப்பூரில் போர்டு போட்டு ஆள் தேடுகிறார்கள்.”

சார், அந்த போர்டை எழுதி மாட்டுகிறவனே நான்தான். பனியன் கம்பெனியில் டைம் ஆபீஸ் வேலை எனக்கு. டெய்லர் தேவை, செக்கிங் தேவை, கைமடி தேவை. வருஷம் பூராவும் தொங்குகிறது. பி.எஸ்சி. முடித்த பையன் வந்து பார்ப்பான், ஒன்றரை ஷிப்ட், பீஸ் ரேட் (உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி), ஆர்டர் இல்லாத வாரம் சம்பளமும் இல்லை என்று கேட்பான், போய்விடுவான். அவனைச் சோம்பேறி என்று எப்படிச் சொல்வது? இதே பையன் அரசுத் தேர்வுக்காக ராத்திரி ரெண்டு மணி வரை சமச்சீர் புத்தகத்தை வரி வரியாக மனப்பாடம் செய்கிறான். நானும் செய்தவன். மதுரையில் நூலக வாசலிலும் ஸ்டடி ஹாலிலும் என் இருபதுகள் போயின. உழைப்பு குறைவில்லை சார், உழைப்பைக் கொட்டுகிற இடம் வேறு.

1 ஜூன்

இன்று ஞாயிறு, லீவு. நீளமாக எழுதுகிறேன்.

“படித்தவர்களின் வேலையின்மைக்குக் காரணம் என்ன, அரசு காலியிடத்தை நிரப்பாததா?” என்று கரிசக்காட்டான் கேட்டார். இதற்கு நம் ஊரையே சோதனைக்கூடமாக்கி ஒரு ஆய்வு இருக்கிறது. குணால் மங்கல் என்ற பொருளியலாளர் செய்தது. 2001 முதல் 2006 வரை தமிழ்நாட்டில் அரசுப் பணி நியமனத்துக்குத் தடை இருந்தது, வயதில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். நிதி நெருக்கடி. ஆசிரியர், மருத்துவர், காவலர் பணிகளுக்கு விலக்கு. டி.என்.பி.எஸ்.சி. வழி எடுக்கும் குமாஸ்தா, டைப்பிஸ்ட், விஏஓ மாதிரி இடங்கள்தான் அடி வாங்கின.

மொத்தத் தொழிலாளர் எண்ணிக்கையில் அந்த இடங்கள் துளி. தடையால் நேராக வேலை இழந்தவர்கள் சொற்பம். ஆனால் அந்த வருஷங்களில் காலேஜ் முடித்த ஆண்கள் என்ன செய்தார்கள்? இடம் குறைந்தால் “சரி, இது ஆவாது” என்று வேறு வேலைக்குப் போயிருப்பார்கள் என்றுதான் நாம் நினைப்போம். அவர்கள் இன்னும் அதிக காலம் படித்தார்கள். கதவைச் சாத்தினால் கூட்டம் கலையும் என்று பார்த்தால், வாசலிலேயே பாய் விரித்துப் படுத்துக்கொண்டது.

அதைவிடக் கசப்பான பகுதி ஒன்று இருக்கிறது. தடை நீங்கிப் பத்து வருஷம் கழித்துப் பார்த்தாலும் அந்தத் தலைமுறையின் வருமானம் மற்றவர்களைவிடக் குறைவு. தேர்வுக்குப் படித்த படிப்பு வேறு எந்த வேலைக்கும் உதவவில்லை என்பதற்கு அது அறிகுறி. இந்த வரியைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டு டீ குடிக்கப் போனேன். சிலப்பதிகாரத்தில் எத்தனை காதை என்று இப்போது எழுப்பிக் கேட்டாலும் முப்பது என்று சொல்வேன். எங்கள் கம்பெனியில் இதுவரை யாரும் கேட்டதில்லை.

1 ஜூன், இரவு

நொய்யல்கரை என்ற பெயரில் இந்த இழையில் எழுதுபவர் கேட்டிருக்கிறார்: “அப்போ தப்பு பையன்கள் மேலா?”

இல்லை. அவர்கள் கணக்கில் அறிவு இருக்கிறது. 1970-ல் ஜான் ஹாரிஸ், மைக்கேல் டொடாரோ என்ற இருவர் ஒரு மாதிரியை முன்வைத்தார்கள். ஆப்பிரிக்க நகரங்களில் வேலையில்லாதவர்கள் குவிந்து கிடந்தும் கிராமத்து ஆட்கள் ஏன் வந்துகொண்டே இருக்கிறார்கள் என்பது கேள்வி. பதில்: நகரச் சம்பளம், அது கிடைக்கும் வாய்ப்பு, இந்த இரண்டின் பெருக்குத்தொகை கிராமக் கூலியைவிடப் பெரிதாக இருக்கும்வரை வருவார்கள். அதில் ஒரு வில்லங்கம்: நகரத்தில் புதிதாக வேலை உண்டாக்கினால், அந்த வேலையைவிட அதிகம் பேர் கிளம்பி வந்து, வேலையின்மை கூடவும் செய்யலாம்.

நம் கணக்கைப் போடுங்கள். விஏஓவுக்கு அடிப்படைச் சம்பளம் 19,500, அகவிலைப்படி சேர்ந்தால் முப்பதாயிரத்தைத் தாண்டும். ஆர்டர் இல்லாத வாரம் என்று ஒன்று கிடையாது. பனியன் கம்பெனியில் அனுபவமுள்ள செக்கிங் ஆளுக்கு நான் எழுதுவது அதில் பாதியைத் தொட்டாலே பெரிது. 2024 குரூப் 4-க்கு அறிவிக்கும்போது 6,244 இடம், விண்ணப்பம் 20 லட்சத்துக்கு மேல். பிறகு இடங்களைக் கூட்டினார்கள், அது வேறு விஷயம். முன்னூற்றுச் சொச்சத்துக்கு ஒருவர். பெருக்கிப் பார்த்தால் சில்லறைதான் வரும், அப்புறம் ஏன்?

ஒன்று, அந்த முன்னூற்றுச் சொச்சம் எல்லோருக்கும் பொதுவான சராசரி. “நான் சும்மா எழுதிப் பார்க்கிற கூட்டத்தில் இல்லை, சீரியஸா படிக்கிறவன்” என்று ஒவ்வொருவரும் தனக்கு வேறு சதவீதம் வைத்திருப்பார்கள். ரெண்டு, மங்கலின் இன்னொரு ஆய்வு. அது மகாராஷ்டிரத்தில் அரசுத் தேர்வுக்குப் படிப்பவர்களைப் பற்றியது. அவர்கள் எத்தனை காலம் காத்திருக்கத் தயார் என்பதை வைத்து, அரசு வேலை அவர்கள் மனக்கணக்கில் என்ன பெறும் என்று கணித்தார். சம்பளத்தைவிடப் பெரிய பங்கு சம்பளமல்லாத மற்றவற்றுக்குப் போனது. பாதுகாப்பு, மரியாதை, கல்யாணச் சந்தை. இதெல்லாம் நமக்கு ஆய்வு இல்லாமலே தெரியும். தரகர் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி எது?

3 ஜூன்

இழையைப் படிக்கும் பொருளியல் மாணவி ஒருவர் திருத்தியிருக்கிறார், நன்றி. “ஹாரிஸ்-டொடாரோவை அப்படியே எடுத்தால் இடம் கூட்டினாலும் தப்பு, குறைத்தாலும் தப்பு என்றல்லவா வருகிறது?” வருகிறதுதான். அவர்கள் மாதிரியில் மூலக்காரணம் இடத்தின் எண்ணிக்கை இல்லை, உள்ளே இருப்பதற்கும் வெளியே இருப்பதற்கும் நடுவில் உள்ள பள்ளம். டைம் ஆபீஸ் மொழியில் சொன்னால், விஏஓ சம்பளத்தைக் குறைப்பதைவிடப் பனியன் கம்பெனியில் ஆர்டர் இல்லாத வாரத்துக்கும் அரைச் சம்பளம் தருவது அந்தப் பள்ளத்தை வேகமாகத் தூர்க்கும். எங்கள் முதலாளி இந்த இழையைப் படிக்கமாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

8 ஜூன்

இது புதிதும் அல்ல. மார்க் பிளாக், ரிச்சர்ட் லேயார்ட், மௌரீன் உட்ஹால் மூவரும் 1969-லேயே இந்தியப் பட்டதாரிகளின் வேலையின்மைக்கு என்ன காரணம் என்று ஒரு புத்தகமே போட்டார்கள். அப்போதும் இதே புலம்பல்: காலேஜ் பெருகிவிட்டது, வேலை இல்லை. அவர்கள் கணக்குப்படி, வேலைக்காகக் காத்திருக்கும் காலத்தின் நஷ்டத்தைக் கழித்தாலும் டிகிரி எடுப்பது தனி மனிதனுக்கு லாபமாகவே இருந்தது. அதனால்தான் வேலையில்லாதவர்களைப் பார்த்துக்கொண்டே அடுத்த வருஷம் அத்தனை பேரும் அட்மிஷனுக்கு நின்றார்கள்.

லேயார்ட் அப்புறம் ஐரோப்பிய வேலையின்மை பற்றி நிறைய ஆராய்ந்து, கடைசியில் மகிழ்ச்சியைப் பற்றி எழுதப் போய்விட்டார். வேலையின்மையைத் துருவினால் ஆள் அங்கேதான் போய் நிற்பான் போல. நானும் இனி அந்தப் பக்கம் போகிறேன்.

15 ஜூன்

வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியன்தால் என்று ஒரு ஊர். ஊரே ஒரு ஜவுளி ஆலையை நம்பி இருந்தது. 1929-30-ல் ஆலை மூடியது. 1931-32-ல் மாரி யஹோதா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைஸல் என்ற இளம் ஆய்வாளர்கள் குழுவோடு போய் அங்கே தங்கிப் பார்த்தார்கள். 1933-ல் அறிக்கை வந்தது. மில் மூடிய எந்த ஊர்க்காரரும் இதைப் படித்தால் தன் ஊரைப் பார்ப்பார்.

வேலை போனால் நேரம் கிடைக்கும், நேரம் கிடைத்தால் ஆட்கள் படிப்பார்கள், கட்சி வேலை செய்வார்கள், பழசையெல்லாம் கேள்வி கேட்பார்கள் என்று அந்தக் காலத்தில் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. நூலகத்தில் புத்தகம் எடுப்பது பாதியாகக் குறைந்தது. ஆண்கள் கடிகாரம் கட்டுவதை விட்டார்கள். தெருவில் நடக்கும் வேகத்தைக்கூட அளந்தார்கள். ஆண்கள் நின்று நின்று நடந்தார்கள், பெண்கள் விரைந்து போனார்கள், அவர்களுக்கு வீட்டில் வேலை ஓயவில்லையே. நேற்று முழுக்க என்ன செய்தாய் என்று எழுதச் சொன்னால் ஆண்களுக்கு எழுத ஒன்றும் இருக்கவில்லை.

காசு விஷயம் இல்லையா என்றால், உண்டு. குடும்பங்களை நாலாகப் பிரித்தார்கள்: தளராதவர்கள், விதியே என்று அடங்கியவர்கள், நொந்துபோனவர்கள், எல்லாவற்றையும் கைவிட்டவர்கள். தலைக்கு மாத வருமானம் முறையே 34, 30, 25, 19 ஷில்லிங். படி இறங்குவது சரியாக வருமானத்தோடு இறங்குகிறது. இதைப் பார்த்துவிட்டு “எல்லாம் மனசுதான்” என்று யாரும் சொல்லமுடியாது. ஆனால் ஆண்கள் கடிகாரத்தை விட்டதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

15 ஜூன், இரவு

“1930 கதை வேண்டாம், புதிதாகச் சொல்” என்கிறார் ஓய்வூதியர் சார்.

1994-ல் ஆண்ட்ரூ கிளார்க், ஆண்ட்ரூ ஆஸ்வால்ட் பிரிட்டன் குடும்பங்களின் தரவில் பார்த்தார்கள்: மன நலிவில் வேலையின்மை, விவாகரத்தையே மிஞ்சியது. 1998-ல் விங்கெல்மான் தம்பதி ஜெர்மனியில் ஒரே ஆட்களை வருஷா வருஷம் தொடர்ந்து போய்ப் பார்த்தார்கள். சோகமான ஆள் என்பதால் வேலை போயிற்றா, வேலை போனதால் சோகமா என்ற குழப்பம் அந்த முறையில் பெருமளவு தீரும். வேலை போனதால் வந்த வேதனையில் சம்பளம் போனதன் பங்கு சின்னது, பெரும்பங்கு மற்றது.

இதைவிட நெருக்கமானது வங்கதேசத்தில் காக்ஸ் பஜார் முகாம். ரோஹிங்கியா அகதிகள், எண்ணூறுக்குக் கொஞ்சம் குறைவான பேர். ஒரு பிரிவுக்குச் சின்ன வேலையும் கூலியும். இன்னொரு பிரிவுக்கு அதே அளவு பணம், வேலை இல்லை. மூன்றாம் பிரிவுக்கு ரெண்டும் இல்லை. ரேஷ்மான் ஹுஸாம் குழுவின் இந்த ஆய்வு 2022-ல் வெளியானது. பணம் மட்டும் வாங்கியவர்களைவிட வேலை செய்து வாங்கியவர்களின் மனநிலை நன்றாகத் தேறியது. முடிந்த பிறகு, கூலி இல்லாமலே கொஞ்ச நாள் இந்த வேலையைத் தொடருகிறீர்களா என்று கேட்டதற்கு மூன்றில் இரண்டு பேர் சரி என்றார்கள். முதலாளிகள் யாரும் இந்தக் கடைசி வரியை வெட்டி எடுத்து வாட்ஸ்அப்பில் போடாமல் இருக்க வேண்டும்.

16 ஜூன்

மே மாதக் கணக்கு வந்துவிட்டது, 5.6. கரிசக்காட்டான், பதறாதீர்கள். அறுப்பு முடிந்த மாதம், வெயில். ஒரு வருஷ மாத எண்கள் சேராமல் பருவத்தைக் கழித்துப் பார்க்க முடியாது.

22 ஜூன்

நொய்யல்கரையின் கேள்விக்கு வருகிறேன், ஒரு வாரமாகத் தள்ளிப்போட்டது: “வேலை இல்லாமல் இருப்பது அவ்வளவு வேதனை என்றால் ஸ்டடி ஹாலில் பையன்கள் சிரித்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்?”

சிரிப்பார்கள். நாங்களும் சிரித்தோம். மதிய டிபன் பாக்ஸை நூலகத்து மரத்தடியில் திறந்து வைத்து ஆளாளுக்கு எடுத்துத் தின்போம், டெஸ்ட் பேட்ச் (மாதிரித் தேர்வு) மார்க்கை வைத்து ஓட்டிக்கொள்வோம். அதே ஆள் கல்யாண வீட்டுப் பந்தியில் பேச்சே இல்லாமல் உட்கார்ந்திருப்பான், “இப்ப என்ன தம்பி பண்றீங்க?” என்ற கேள்வி எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று பார்த்தபடி. கிளார்க் 2003-ல் எழுதியது இதைத்தான். சுற்றியிருப்பவர்களிலும் வேலையில்லாதவர்கள் அதிகமாக இருந்தால் வேலையின்மையின் வலி குறைகிறது, ஆண்களுக்குக் குறிப்பாக. பொருளியல் மொழியில் சமூக நெறி. வலி குறைந்தால் காத்திருப்பு நீளும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதனால்தான் ஸ்டடி ஹால் மருந்தா நோயா என்று இன்றுவரை என்னால் முடிவு கட்ட முடியவில்லை. அங்கே கிடைத்த நண்பர்கள் இல்லாவிட்டால் நான் தேறியிருக்கமாட்டேன். அவர்கள் இல்லாவிட்டால் இரண்டு வருஷம் முன்னாலேயே எழுந்து வந்திருப்பேன்.

22 ஜூன், பின்மாலை

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, “அப்படியானால் ஏதோ ஒரு வேலை என்று போனாலே நிம்மதி வந்துவிடும்” என்று இருவர் முடிவுக்கு வந்திருக்கிறார்கள். நில்லுங்கள்.

கிறிஸ் பிளாட்மனும் ஸ்டெஃபன் டெர்கனும் எத்தியோப்பியாவில் ஒரு சோதனை செய்தார்கள். தொழிற்சாலை வேலைக்கு மனுப் போட்டவர்களில் சீட்டுக் குலுக்கி சிலருக்கு வேலை, சிலருக்கு வேலையில்லை. வேலை கிடைத்தவர்களில் பெரும்பாலோர் ஒரு வருஷத்துக்குள் விட்டுவிட்டார்கள். வருமானம் வெளியில் கிடைப்பதைவிடக் கூடுதல் இல்லை, உடம்புக்கு நோவு கூடியது. என் அட்டண்டன்ஸ் ரெஜிஸ்டரைத் திறந்தால் அதே கதை. தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனவர்களில் எத்தனை பேர் கார்த்திகையில் திரும்புகிறார்கள் என்பதை வைத்துத்தான் எங்கள் ஜனவரி ஷிப்மென்ட் இருக்கிறது. முகாமில் பலன் தந்தது வேலையின் எந்த அம்சம், ஆலையில் நோகடித்தது எந்த அம்சம் என்று பிரித்துப் பார்க்காமல் “வேலை நல்லது” என்று பொதுவில் சொல்லிப் பயனில்லை.

29 ஜூன்

வரும் என்று தெரியும், வந்துவிட்டது. “வடக்கேயிருந்து வந்தவர்கள்தான் நம் பையன்கள் வேலையைப் பிடுங்கிவிட்டார்கள்.”

1980-ல் கியூபாவிலிருந்து சுமார் 1,25,000 பேர் சில மாதங்களில் படகேறி அமெரிக்காவுக்கு வந்தார்கள். மயாமி நகரத் தொழிலாளர் எண்ணிக்கை ஒரேயடியாக 7 சதவீதம் கூடியது. டேவிட் கார்ட் 1990-ல் பார்த்தபோது, உள்ளூர்க்காரர்களின் கூலியிலும் வேலையின்மையிலும் சொல்லும்படியான அடி எதுவும் தெரியவில்லை. ஜார்ஜ் போர்ஹாஸ் பிற்பாடு, பள்ளிப்படிப்பு முடிக்காத ஆண்களை மட்டும் எடுத்தால் கூலி விழுந்தது என்று வாதாடினார். அது மிகச் சின்ன மாதிரி என்று மற்றவர்கள் எதிர்வாதம் செய்தார்கள். சண்டை இன்னும் ஓயவில்லை. கார்டுக்கு 2021-ல் நோபல் கிடைத்தது.

திருப்பூருக்கு இதை அப்படியே ஒட்டமுடியாது. நான் கண்ணால் பார்ப்பதைச் சொல்கிறேன்: ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் உட்காரும் பவர் டேபிள் தையல் வேலைக்கு குரூப் 4 எழுதும் பி.எஸ்சி. போட்டி போடவில்லை. போட்டி அவனுக்கும் இன்னொரு பி.எஸ்சி.க்கும்தான். போட்டி போடுகிற ஆள் யார் என்றால், உசிலம்பட்டியிலிருந்து பத்தாவதோடு வந்த ஆள். அவருக்கு நிஜமாகவே பீஸ் ரேட் ஏறாமல் இருக்கலாம். அவர் இந்த மாதிரி இழைகளில் எழுதுவதில்லை.

6 ஜூலை

சின்னக் குறிப்பு, வருமானமும் மகிழ்ச்சியும் பற்றிக் கேட்டவருக்கு. 2010-ல் டேனியல் கானெமன், ஆங்கஸ் டீட்டன் இருவரும் அமெரிக்காவில் வருஷம் 75,000 டாலருக்கு மேல் போனால் அன்றாட மனநிலை மேலே ஏறுவதில்லை என்றார்கள். 2021-ல் மேத்யூ கில்லிங்ஸ்வர்த், ஏறிக்கொண்டே போகிறது என்றார். சண்டை போடாமல் இருவர் தரப்பும் உட்கார்ந்து 2023-ல் சேர்ந்து எழுதினார்கள்: பெரும்பாலோருக்கு ஏறுகிறது, ஏற்கெனவே மிகவும் துயரத்தில் இருப்பவர்களுக்குத்தான் ஒரு கட்டத்துக்கு மேல் காசு உதவுவதில்லை. எங்களுக்கு அந்தக் கட்டம் வரும்போது மறுபடி பேசலாம்.

நம் ஊர்க் காசில் ஒரு விஷயம். தமிழ்நாடு அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், பன்னிரண்டாவதுக்கு 400. எம்ப்ளாய்மென்ட் ஆபீஸில் பதிந்து அஞ்சு வருஷம் காத்திருந்தால்தான் தகுதி. “உதவித்தொகை கொடுப்பதால்தான் வேலைக்குப் போகமாட்டேன் என்கிறார்கள்” என்ற ஐரோப்பிய வாதத்தை இங்கே யாரும் கொண்டுவராதீர்கள். 600 ரூபாய் டெஸ்ட் பேட்ச் கட்டணத்துக்கே காணாது.

13 ஜூலை

நேற்று குரூப் 4 முடிந்தது. இந்தத் தடவை 3,935 இடம், விண்ணப்பம் 13 லட்சத்துக்கு மேல். போன தடவையைவிட விண்ணப்பம் குறைவு, இடமும் குறைவு, விகிதம் ஏறக்குறைய அப்படியே. எங்கள் செக்கிங் பிரிவிலிருந்து மூன்று பெண்கள் லீவு எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். காரணம் என்ற இடத்தில் ஒருத்தி வயிற்றுவலி என்று எழுதியிருந்தாள், அனுமதித்தேன். மதியம் வெளியே வந்ததும் ஆன்சர் கீயைத் தேடிக்கொண்டிருந்தாளாம்.

இவர்களை எந்த ஆய்விலும் நான் சரியாகப் பார்க்கவில்லை. வேலையில் இருந்துகொண்டே காத்திருப்பவர்கள். புள்ளிவிவரத்தில் வேலை உள்ளவர்கள், மனசில் இல்லை.

20 ஜூலை

கரிசக்காட்டானின் கடைசிக் கேள்வி: “சரி, தீர்வு என்று யாராவது எதையாவது செய்து பார்த்திருக்கிறார்களா?”

மறுபடி மரியன்தாலுக்கே போகலாம். அந்த ஊர் இப்போது கிராமட்னொய்சீடல் என்ற ஊராட்சியில் அடக்கம். 2020 அக்டோபரில் அங்கே ஒரு சோதனை தொடங்கினார்கள். நீண்ட நாள் வேலையில்லாத அத்தனை பேருக்கும் உத்தரவாத வேலை, ஊதியத்தோடு. சேர்வது அவரவர் விருப்பம். தச்சு வேலை, பொது இடப் பராமரிப்பு என்று ஆளுக்கேற்றபடி. ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து மாக்ஸிமிலியன் காஸியும் லூகாஸ் லேனரும் மதிப்பிட்டார்கள். ஊரில் நீண்டகால வேலையின்மை வெகுவாக வீழ்ந்தது. வருமானமும் பாதுகாப்பு உணர்வும் கூடின. பொழுதுக்கு ஒரு ஒழுங்கு, நாலு பேரோடு பழக்கம், ஊருக்குள் ஒரு மதிப்பு, அதாவது யஹோதா தொலைந்துபோனதாக எழுதியவை, திரும்பின. உடல்நலத்தில் மாற்றம் தெரியவில்லை. சின்ன ஊர், சின்ன எண்ணிக்கை, பணமுள்ள நாடு. நூறு நாள் வேலைத் திட்டத்தை நடத்திப் பார்த்த நமக்கு இது அந்நியமான யோசனை இல்லை. ஆனால் பி.எஸ்சி. முடித்தவன் நூறு நாள் வேலைக்கு மண்வெட்டியோடு வரமாட்டான், அவனை யாரும் கூப்பிடவும் மாட்டார்கள்.

27 ஜூலை

மாணவி தன் ப்ராஜெக்டுக்குத் தரவு கேட்டிருக்கிறார். பி.எல்.எஃப்.எஸ். தனிநபர் தரவு புள்ளியியல் அமைச்சகத் தளத்தில் பதிவு செய்தால் இலவசம். நிலைக் குறியீடுகளைக் கவனியுங்கள்: 11 சொந்தத் தொழில், 21 ஊதியமில்லா உதவியாளர், 31 மாதச் சம்பளம், 51 தினக்கூலி, 81 வேலை தேடுபவர், 91 படிப்பவர், 92 வீட்டு வேலை.

தேர்வுக்குப் படிக்கும் பையன் எந்தக் குறியீட்டில் விழுகிறான் என்பது, கணக்கெடுக்க வந்தவரிடம் வீட்டில் யார் வாய் திறந்தார்கள் என்பதைப் பொறுத்தது. அம்மா “படிக்கிறான்” என்பார், 91. அப்பா “வேலை தேடுறான்” என்பார், 81. டிகிரி முடித்த 20 முதல் 29 வயதுக்காரர்களை எடுத்து இந்த இரண்டையும் தனித்தனியாகவும் சேர்த்தும் போட்டுப் பாருங்கள், தமிழ்நாட்டை மற்ற மாநிலங்களோடு வைத்து. மாவட்ட அளவுக்கு இறங்காதீர்கள், மாதிரி தாங்காது. தரவோடு வரும் மாதிரி எடையைப் பெருக்க மறந்தால் எல்லா எண்ணும் தப்பாக வரும். ஸ்டாட்டா மென்பொருள் இல்லாவிட்டால் ஆர் மென்பொருளே போதும், எனக்கு அதுதான் தெரியும், சிக்கினால் இங்கேயே கேளுங்கள்.